வெறும் போசி

மூடியிருக்கும் வரை போசிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டால்தான் ஆடும், ஆடினால்தான் மூடி கடகடவென்று காட்டிக்கொடுக்கும். அதனால் இடுப்பில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்களுக்கு உள்ளே ஏதோ கனமாக இருக்கிறது என்று தோன்ற வேண்டும். தோன்றுகிறதா? எனக்கு முன்னால் நிற்கிற ரத்தினாக்கா திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கவில்லை, போசியைத்தான் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், மே மாதத்து வெயில், கல்யாண மண்டபத்தின் பின்வாசல். கல்யாணம் நடக்கும்போது எச்சில் இலை வந்து விழுகிற பக்கம் இது. இப்போது இங்கேதான் உணவு வங்கி. வங்கி என்றதும் பாஸ்புக் கேட்பார்களோ என்று பயந்துதான் முதல் தடவை வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை, எந்தத் தெரு என்று கேட்கவில்லை, எந்த பனியன் கம்பெனியில் இருந்தாய், எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்கவில்லை. மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே கழுத்து வரை அரிசி, அதன் மேல் பேப்பரில் மடித்த பருப்பு, மிளகாய், கொஞ்சம் புளி. அடுத்த வெள்ளிக்கிழமை காலிப் போசியைக் கொண்டுவந்து கொடுத்தால் நிறைந்த போசியை எடுத்துக்கொண்டு போகலாம். "போசி குடுத்தா போசி, அவ்வளவுதான் அம்மிணி" என்றாள் பேபி அக்கா. அரிசி அளந்து போடுகிறவள் அவள்தான், மூடிப்போன கம்பெனி ஒன்றில் கேன்டீன் நடத்திக்கொண்டிருந்தவள். நல்ல ஏற்பாடு, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை, பாத்திரம் மாற்றிக்கொள்கிறோம், அக்கம்பக்கத்து வீடு மாதிரி. அங்கேதான் வந்தது வினை. அக்கம்பக்கத்து வீடு என்று ஆன பிறகு பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க முடியுமா?

கொடுக்க முடியாது. இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொங்கலோ குழம்போ ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் வந்தால், கழுவித் துடைத்து, ஒரு கை சர்க்கரையாவது, ஒரு எலுமிச்சம்பழமாவது, ஒன்றும் இல்லையென்றால் நாலு கருவேப்பிலையாவது போட்டுத்தான் திருப்பி அனுப்புவது. கல்யாணமாகி வந்த புதிதில் எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் அனுப்பினோம், கிண்ணம் வெறுமனே வந்தது. என் மாமியார் அந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள், நிமிர்த்திப் பார்த்தாள், அப்புறம் அந்த வீட்டோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். இத்தனைக்கும் எதிர்வீட்டுக்காரிக்கு அன்றைக்குக் காய்ச்சல். காய்ச்சலாவது ஒன்றாவது, வீட்டில் உப்புகூடவா இல்லை என்றாள் மாமியார். நான் அப்போது சிரித்தேன். இங்கே முதல் வாரம் நான் கருவேப்பிலை போட்டேன், எங்கள் வரிசைவீட்டுக்குப் பின்னால் ஒரு மரம் இருந்தது. பேபி அக்கா மூடியைத் திறந்து பார்த்து, "அட, பச்சைப்பசேல்னு இருக்குதே" என்று ஒரு தாம்பாளத்தில் எடுத்து வைத்தாள். பக்கத்தில் இன்னொருத்தி வைத்த பச்சை மிளகாய் கிடந்தது. அடுத்த வாரம் தாம்பாளத்தில் எலுமிச்சம்பழம், முருங்கைக்காய். அதற்கடுத்த வாரம் ரத்தினாக்கா மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள், வாழையிலையில் கட்டி, மேலே நூல் சுற்றி. எல்லோரும் பார்க்கிற மாதிரி மெதுவாக அவிழ்த்தாள். வாங்க வந்த இடத்தில் சீர் வைக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் நானும் அடுத்த தடவை கடையில் நிலக்கடலை வாங்கி வறுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்? அந்தக் கடலையை என் பெண் தின்றிருப்பாள். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். கேட்காமல் இருந்தது அவள் தப்பா என் தப்பா என்று அன்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியனை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, உள்பக்கம் பார்த்து, பிசிறு வெட்டி, ஓட்டை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது. அந்த வேலை போனாலும் அந்தக் கண் போகவில்லை. எதைப் பார்த்தாலும் எங்கே தையல் விட்டிருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறது. இந்தப் போசியைக்கூட அப்படித்தான் பார்த்தேன். வயிற்றுப்பக்கம் சின்னதாக ஒரு நசுங்கல், அதற்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறார்கள், தினகரன் அபிராமி திருமண நினைவாக என்று. எல்லாப் போசியிலும் இதே பெயர்தான். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கி வைத்து, கொடுக்காமலே மண்டபத்து ஸ்டோர் ரூமில் கிடந்ததாம். கொடுக்காமல் கிடந்தது என்றால் என்ன அர்த்தம்? ஆட்கள் குறைவாக வந்தார்களா, கல்யாணமே நின்றுபோனதா? மண்டபத்து மேனேஜர் ஞானசேகரிடம் ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அப்படியானால் நின்றுதான் போயிருக்கும். அந்த அபிராமி இப்போது எங்கே இருக்கிறாளோ, தன் பெயர் ஊரில் இத்தனை அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா? எங்கள் அடுப்படியில் இரண்டு வாரமாக உட்கார்ந்திருக்கிறது. காலையில் எழுந்தால் முதலில் அவள் பெயர்தான் கண்ணில் படுகிறது. போன வாரம் போசியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அப்படியும் தூக்கம் வரவில்லை. பாத்திரத்துக்கு முதுகுப்பக்கம் எது, முகப்பக்கம் எது, நான் ஒரு கிறுக்கி.

இரண்டு வாரமாக நான் இங்கே வரவில்லை. ஏன் என்றால் போசியில் போட ஒன்றும் இல்லை. வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, அரிசி கொடுக்கிற இடம் நாலு தெரு தள்ளி இருக்கிறது, அங்கே போக ஒரு போசி வேண்டும், போசியும் இருக்கிறது, அப்புறம் என்னடி உனக்கு? எனக்கே நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவரிடம் சொல்ல முடியவில்லை. என் வீட்டுக்காரர் குழந்தைவேலு, ஓவர்லாக் டெய்லர், கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று நிறுத்திய நாளிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார், கான்ட்ராக்டர் எப்போது கூப்பிடுவான் என்று. போன் அடிப்பதில்லை. அடித்தால் லோன் வேணுமா என்று கேட்கிற பெண். "போசிய எடுத்துட்டுப் போயி வாங்கிட்டு வாறதுதானே" என்று போன வெள்ளிக்கிழமை கேட்டார். "இந்த வாரம் சரக்கு வரலையாமா" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! அதற்கு முந்தைய வாரமும் அதையேதான் சொன்னேன். ரேஷன் கார்டு ஊரில் அவர் அண்ணன் வீட்டோடு சேர்ந்து கிடக்கிறது, அங்கே வாங்கி அங்கேயே பொங்கிச் சாப்பிடுகிறார்கள், பிரித்துக் கேட்டால் பெரிய சண்டை வரும். பள்ளிக்கூடம் இருந்தாலாவது என் பெண் யாழினிக்கு மத்தியானச் சோறு கிடைத்துவிடும். மே மாதத்துக்கு யார் லீவு விட்டார்களோ. பகலில் தூங்காத பிள்ளை அவள், கைக்குழந்தையில்கூடப் பகலில் கண்ணை மூட மாட்டாள், இப்போது பதினொரு மணிக்கெல்லாம் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். தூங்கினால் பசி தெரியாது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? பக்கத்தில் போய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. எதற்குப் பார்க்கிறேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. முந்தாநாள் பக்கத்து வரிசையில் நந்தினி வீட்டுக்கு விளையாடப் போனவள் சரியாக அவர்கள் சாப்பிடுகிற நேரத்துக்குப் போயிருக்கிறாள். "வேண்டாம்னுதாம்மா சொன்னேன், அத்தை போட்டுட்டாங்க" என்றாள் வந்து. உதட்டோரம் ரசம் காய்ந்திருந்தது. துடைத்துவிட்டேன். அடிக்கத்தான் கை ஓங்கினேன், துடைத்துவிட்டேன்.

இன்று காலையில் அவர் எழுந்து சட்டையை மாட்டினார். "நானே போறேன். சரக்கு வருதா வரலையான்னு பாத்துட்டு வாரேன்" என்று போசியை எடுத்தார். வெறும் போசியை! ஆட்டிக்கொண்டே தெருவில் நடந்து போவார், வரிசையில் நிற்பார், எல்லோருக்கும் முன்னால் நீட்டுவார், பேபி அக்கா திறந்து பார்ப்பாள், ரத்தினா பார்ப்பாள், குழந்தைவேலு பொண்டாட்டி வெறும் போசி கொடுத்து அனுப்பினாள் என்று இந்த ஏரியாவுக்கே தெரிந்துவிடும். பிடுங்கிக்கொண்டேன். நான் போகிறேன், நீங்கள் பிள்ளையைப் பாருங்கள் என்றேன். அப்புறம் அடுப்படிக்குள் நின்று தேடினேன். சர்க்கரை டப்பாவில் எறும்புகூட இல்லை. கருவேப்பிலை மரத்தை வீட்டுக்காரம்மா தண்ணீர் தொட்டிக்கு வேர் வருகிறது என்று வெட்டிவிட்டாள். ஒரு வெங்காயம் இருந்தது, அதற்கும் முளை வந்திருந்தது, செக்கிங்கில் பாஸ் ஆகாது. உப்பு இருந்தது. வெள்ளிக்கிழமை உப்பைக் கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம். புளியும் கொடுக்கக் கூடாது, அரிசியும் கொடுக்கக் கூடாது. எல்லாம் சரி, எங்கள் வீட்டில் லட்சுமி இருந்தால் அல்லவா போவதற்கு? ஆனாலும் உப்பு ஜாடியைத் தொட்ட கை பின்னால் வந்துவிட்டது. இருக்கிறது கொஞ்ச நஞ்சம், அதையும் விரட்டுவானேன். சாமி படத்துக்கு வைத்த செம்பருத்தி? வாடிவிட்டது. தீப்பெட்டி? பாதிதான் குச்சி. ஒரு ரூபாய்? காசை வைத்தால் பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும், யாருக்கு யார் பிச்சை போடுவது. கடைசியில் ஒன்றும் வைக்காமல், மூடியை அழுத்திப் போட்டுவிட்டு, யாழினியின் தலையில் கை வைத்து, கிளம்பி வந்துவிட்டேன். வழியில் ஏதாவது கிடைக்கும் என்று ஒரு நப்பாசை. வழியில் என்ன கிடைக்கும், வேலியோரம் கற்றாழை கிடைக்கும்.

வரிசை நகர்கிறது. நகர வேண்டாம் என்றும் இருக்கிறது, சீக்கிரம் நகரட்டும் என்றும் இருக்கிறது. முன்னால் தள்ளி ஒரு வடக்கத்திப் பையன், தாடி வைத்தவன், சாயப் பட்டறையில் இருந்தவனாக இருக்கும், போசியைக் கையில் சுழற்றிக்கொண்டே நிற்கிறான். உள்ளே ஒன்றும் இல்லை, மூடிகூடப் போடவில்லை, அவன் பாட்டுக்கு ஏதோ பாட்டை முணுமுணுக்கிறான். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவன் ஊரிலும் இந்தப் பழக்கம் இருக்குமோ என்னமோ, அவன் அம்மா ஏதாவது போட்டுத்தான் அனுப்புவாளோ என்னமோ, அவள் இங்கே இல்லையே. ரத்தினாக்கா இப்போது முழுசாகவே திரும்பிவிட்டாள். "ஏம்புள்ள சாந்தாமணி, ரெண்டு வாரமா ஆளையே காணோம்?" "ஊருக்குப் போயிருந்தோமுங்க்கா." "அப்புடியா. இங்க கூத்து தெரியாதா உனக்கு? போசி பத்தலையாமா. பாதிப் போசி வாங்கிட்டுப் போனவங்க வீட்லயே தங்கிப் போச்சாமா. போசியக் கடையில போட்டுத் தின்னுட்டாங்கன்னு அந்த மேனேஜரு கத்தறாரு." என் கை போசியை இன்னும் இறுக்கியது. "யாருங்க்கா அப்புடிச் செய்வாங்க?" "ஆருக்குத் தெரியும். அடுத்த வாரத்துல இருந்து போசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஆதார் ஜெராக்ஸ் கொண்டாங்க, போட்டோ எடுத்துட்டுப் பையில போட்டுத் தாரோம்ங்கறாரு. போட்டோ வாட்ஸப்புல வருமாமா." வாட்ஸப்பில் வருமாம். என் வீட்டுக்காரர் கையில் இருக்கிற அந்தப் போனில் வரும். கான்ட்ராக்டர் போனில் வரும், அண்ணன் வீட்டுக்கு வரும், நந்தினி அம்மா பார்ப்பாள். பையோடு நான், சிரிக்கச் சொல்வார்களோ? போசியைத் திருட்டுத்தனமாக விற்றுத் தின்ற கூட்டத்தில் நானும் ஒருத்தி. விற்கவில்லையே, என் அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்ததே. மற்ற போசிகள் எங்கே இருக்கும்? இந்த யோசனை இப்போதுதான் வருகிறது. பாதிப் போசி வீடுகளில் தங்கிவிட்டது என்றால் அத்தனை பேரும் திருடிகளா? ரத்தினாவின் போசியைப் பார்த்தேன். அவளும் இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடித்திருக்கிறாள். "இன்னைக்கு என்னங்க்கா கொண்டாந்தீங்க, ஊறுகாயா?" என்றேன். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொண்டை வறண்டுவிட்டது. தோளில் மாட்டியிருந்த பையில் யாழினியின் ஸ்கூல் பாட்டில் இருந்தது, கிளம்பும்போது அவளே கொண்டுவந்து போட்டாள், "வெயில்ல நிப்பியாம்மா" என்று. சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கார்ப்பரேஷன் தண்ணீர் வந்து பத்து நாளைக்கு மேலாகிறது, குடத்தில் அடியில் இருந்ததை வடிகட்டிக் காய்ச்சியது. மூடியைத் திருகி வாய்க்கு மேலே தூக்கினேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர். தண்ணீரைக் கொடுக்கக் கூடாது என்று எந்த வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை. யோசிக்கக்கூட இல்லை, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு போசியின் மூடியைத் திறந்து பாட்டிலைக் கவிழ்த்தேன், மூடினேன். போசிக்கு ஒரு கனம் வந்தது, லேசாக ஆட்டினால் உள்ளே ஏதோ இருக்கிற சத்தம். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! நாலு பேர் நகர்கிற நேரம்தான் அந்தச் சந்தோஷம். அப்புறம் உள்ளே இருக்கிற செக்கிங்காரி எழுந்துவிட்டாள். தண்ணீர் ஒரு பொருளா? தாம்பாளத்தில் எடுத்து வைக்க முடியுமா? கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் கொண்டுவந்துவிட்டாள், சோம்பேறி என்றுதானே நினைப்பார்கள்? அதுவும் எங்கள் வீட்டுத் தண்ணீர். இந்த ஊருக்கு வந்து யாரும் என்ன ஆளுக என்று கேட்பதில்லை, ஒரே தறிக்கும் ஒரே மெஷினுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். ஆனால் நான் பிறந்த ஊரில் எங்கள் தெருக்காரர்கள் கையால் தண்ணீர் வாங்கி, குடிக்கிற மாதிரி திண்டில் வைத்துக்கொண்டு, நாங்கள் திரும்பி நடந்ததும் வாழைக்கு ஊற்றிய வீடுகள் உண்டு. என் அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எனக்கும் தெரியும். இப்போது இந்தத் தண்ணீரையும் பேபி அக்கா வாசல் செடிக்கு ஊற்றுவாள். ஊற்றட்டும், அவள் ஊற்றினால் சும்மா ஊற்றியதாகத்தான் இருக்கும், எனக்குத்தான் அது வேறாகத் தெரியும். கொட்டிவிடலாமா? வரிசையில் நின்றுகொண்டு எங்கே கொட்டுவது? எல்லோரும் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அலைகிறார்கள், இவள் கொட்டுகிறாள் என்பார்கள். என் பிள்ளை எனக்காகக் கொடுத்த தண்ணீர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ரத்தினாக்கா முன்னால் போய்விட்டாள், அவளுக்கு அளந்து போடுகிறார்கள், மூடியைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று என்னால் பார்க்க முடியவில்லை. எவ்வளவு சீக்கிரம் வேலை முடிகிறது அவளுக்கு. இன்றைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்?

அப்போதுதான் பார்த்தேன். வழக்கமாகச் சுவரோரம் வரிசையாக நிறைந்த போசிகள் நிற்கும், காலிப் போசி கழுவுகிற அண்டாவுக்குப் போகும். இன்று சுவரோரம் ஒன்றுகூட இல்லை. கொண்டுவருகிற போசியிலேயே அங்கேயே அரிசியைக் கொட்டிக் கொடுக்கிறார்கள். பேபி அக்கா என் கையிலிருந்து போசியை வாங்கிவிட்டாள். அவள் முகம் என் பக்கம் இல்லை, பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேனேஜர் ஞானசேகரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "ஜெராக்ஸ் எடுக்கக் காசு இருந்தா அவங்க ஏனுங்க இங்க வாறாங்க? நீங்க போட்டோ எடுக்கறதுன்னா நான் நாளைக்கு இருந்து வர மாட்டேன், ஆமா" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் மூடியைத் தள்ளி என் கையில் திணித்தாள், இன்னொரு கையில் படி நிறைய அரிசி, அது சாய்கிறது, முனையில் இருக்கிற அரிசி நழுவுகிறது. "அக்கா தண்ணி!" என்று கத்தினேன். கத்தியது நான்தானா? மண்டபம் வரைக்கும் கேட்டிருக்கும். படி நின்றுவிட்டது. நாலைந்து மணி அரிசி உள்ளே விழுந்து அடியில் தங்கியது. பேபி அக்கா குனிந்து பார்த்தாள். "என்ன புள்ள இது, தண்ணிய வெச்சுக் கொண்டாந்திருக்கற?" "குடிக்கறதுக்குங்க" என்றேன். "ஆருக்கு?" "உங்களுக்குத்தானுங்க. வேற ஒண்ணும் இல்லீங்க வீட்ல. வெறும் போசிய எப்புடிக் கொண்டாந்து குடுக்கறதுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை, அணை உடைந்த மாதிரி வந்துவிட்டது. "ரெண்டு வாரமா ஒண்ணுமே இல்லீங்க போட. அதுனாலதான் வரலைங்க. போசிய விக்கலைங்க, வீட்லயேதான் வெச்சிருந்தேன். எம்பட பொண்ணு பட்டினியாக் கெடந்தாளுங்க, அப்பவும் வரலைங்க நான்." ஞானசேகர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "வெறும் போசி கொண்டாரக் கூச்சப்பட்டுக்கிட்டா ரெண்டு வாரம் வராம இருந்தீங்க? போசிய நாங்க அரிசிக்குத்தானேம்மா குடுத்தோம்?" என்று கேட்டார். வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரிசிப் போசியோடு ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ரத்தினாக்கா நின்று, "எங்க தெருவுல மட்டும் ஏழெட்டு வீட்ல இப்புடியே போசி இருக்குதுங்க" என்றாள் மெதுவாக. அவர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பேபி அக்கா படியை மூட்டை மேல் வைத்தாள். காலையிலிருந்து மூட்டை பிரித்துக்கொண்டிருக்கிறாள், மூக்கு நுனியெல்லாம் அரிசித் தவிடு, உதடு வெடித்திருந்தது. போசியை இரண்டு கையாலும் தூக்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன், நாமெல்லாம் அப்படித்தானே குடிப்போம், வெளியாள் பாத்திரத்தில் யார் உதடு வைப்பார்கள். அவள் அண்ணாந்து குடிக்கவில்லை. விளிம்பில் வாய் வைத்தாள். தன் வீட்டுச் சொம்பில் குடிக்கிற மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு, மடக் மடக்கென்று, தொண்டை ஏறி இறங்க, அதில் கிடந்த அரிசியோடு சேர்த்துக் குடித்தாள். தாடையில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. என் அம்மா இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது, நான் ஓவென்று அழுதுவிட்டேன், வரிசையில் அத்தனை பேருக்கு முன்னாலும். அவள் போசியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறினாள், உள்ளே கையை விட்டுத் தன் முந்தானையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தாள். அப்புறம் படியை எடுத்தாள். "சீரகம் வாசமா இருக்குது" என்றாள். அரிசி விழுந்த சத்தத்தில் அடுத்து அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை, கையை நீட்டிக்கொண்டு இருந்தாள், என் கையில் இருந்த மூடியைக் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.